மரபூர்திப் பேரவையும் மூன்றாவது பெடலும்

மலையடிவாரத்து முந்தல் ஊர்க் காசிமாயன் இருபத்திரண்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறவர். விடிந்ததும் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் திரும்ப இறக்கிக்கொண்டு வருவார். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று கதவுக்குப் பக்கத்தில் ஓர் எண் எழுதியிருக்கிறது. யாராவது அதை மறைத்துக்கொண்டு தொங்குவதால் அந்த எண்ணை அவர் பார்த்ததில்லை.

அவர் மனைவி கருத்தம்மாவும் அதே ஜீப்பில்தான் பதினெட்டு வருடம் காயெடுக்கப் போனாள். டிரைவர் பெண்டாட்டி என்பதற்காக யாரும் அவளுக்கு முன் சீட்டை விட்டுக்கொடுத்துவிடவில்லை. பின்னால், நடுவில், மடியில் யாருடைய தூக்குச்சட்டியையோ வைத்துக்கொண்டு போனாள். போன வருடம் முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டாள்.

அதே வருடம் எஸ்டேட் கைமாறியது. பழைய முதலாளியின் மகள் சுஜாதா பங்களாவைக் காலி செய்ய வந்தார். பின்புற ஷெட்டைத் திறந்தபோது தார்ப்பாய்க்கு அடியில் சிவப்பாக ஒரு கார் இருந்தது. அறுபத்தெட்டில் கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மடக்கித் தள்ளிவிடக்கூடிய துணிக் கூரை.

"அப்பா ஆசைப்பட்டு வாங்குனது. பழைய இரும்புக்குப் போடச் சொல்றாங்க, எனக்கு மனசு வரல. நீங்க கொண்டுபோங்கண்ணே" என்று சொல்லி, ஆர்.சி. புத்தகத்தையும் காசிமாயன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார் சுஜாதா.

காரை லாரியில் ஏற்றி வீட்டு மாட்டுக்கொட்டத்தில் கொண்டுவந்து இறக்கிய காசிமாயன், அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஆள் ஏற்ற முடியாது, மூட்டை ஏற்ற முடியாது, தொற்றிக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது. இப்படிப்பட்ட வண்டி அவர் வாழ்க்கையில் இதுதான் முதல். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஒன்னய இதுல உக்கார வச்சு மெட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றார் மனைவியிடம்.

"மொதல்ல இத மாட்டுக்கொட்டத்த விட்டு எங்கிட்டாவது தள்ளுங்க" என்றாள் கருத்தம்மா. ஆனால் மறுநாள் காலையில் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போடியில் பட்டறை வைத்திருக்கும் மொக்கச்சாமி வந்து பானட்டைத் தூக்கிப் பார்த்தார். காசிமாயனும் அவரும் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"இன்ஜின் முடிஞ்சுபோச்சு மாப்ளே. பிஸ்டன் ஒட்டிக் கல்லாகிருச்சு. கியர்பாக்ஸு ஆட்டோமேட்டிக்கு, அதுக்கும் உசுரு இல்ல. இருந்தாலும் அது நமக்கு வேணாம். நம்ம ரோட்டுக்குக் கையில கியர் இருக்கணும். செகண்டப் போட்டு வண்டியப் புடிச்சாத்தான் எறங்க முடியும். வெறும் பிரேக்க நம்புனவன் ஆஸ்பத்திரியிலதான் எறங்குவான்."

மொக்கச்சாமியிடம் பின்பக்கம் நசுங்கிய வேன் ஒன்றின் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் இருந்தன. அளந்து பார்த்தார். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் படம் போட்டார். இன்ஜின் உட்கார இரண்டு தாங்கிகள் அடிக்க வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் தண்டை நாலு விரக்கடை குறைக்க வேண்டும். கியர் கம்பி மேலே வர தரையில் ஓர் ஓட்டை. ஏற்கெனவே பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் இரண்டு பெடல் இருந்தன. கிளட்சுக்கு மூன்றாவதாக ஒன்று.

"எட்டு நாள் சோலி. ஆனா மொதல்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டு வந்துரு. இல்லேன்னா வண்டியப் புடிச்சு வச்சுக்கிருவாய்ங்க."

காசிமாயன் சட்டத்துக்குப் பயந்தவர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த எழுத்தர் ஆர்.சி. புத்தகத்தில் வருடத்தைப் பார்த்துவிட்டு, சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல் கீழே வைத்தார்.

"ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டி. இதுக்கு மரபூர்திப் பேரவை தடையில்லைன்னு எழுதிக் குடுக்கணும். இல்ல, இது மரபூர்தியே இல்லைன்னாச்சும் எழுதிக் குடுக்கணும். ரெண்டுல ஒண்ணு கொண்டாங்க."

மலைச்சாரல் மரபூர்திப் பேரவை, போடியில் ஓர் ஏலக்காய்க் குடோனுக்கு மேல்மாடியில் இருந்தது. வாசலில் பித்தளைப் பலகை. 'நோக்கம்: ஊர்திகளை ஓட்டத்திலிருந்து காத்தல்.' காசிமாயன் அதை இரண்டு தடவை படித்தார். எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே வெள்ளைக் கையுறை போட்ட ஏழு பேர் இருந்தார்கள். அவர் போன நேரம் கூட்டம் ஆரம்பித்தது. செயலாளர் இனியவன் செல்போனை மேசைமேல் வைத்து அழுத்தினார். அதிலிருந்து பழைய இன்ஜின் ஒன்று ஓடும் சத்தம் வந்தது. எல்லாரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். காசிமாயனும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் நின்றதும் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருங்கய்யா தவறுனது?"

"நாற்பத்தாறாம் வருட மாடல்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள்."

காசிமாயன் நீட்டிய மனுவைத் தலைவர் மகாராஜன் வாசித்தார்.

"தம்பி, என்னிடம் நான்கு மரபூர்திகள் உள்ளன. ஒன்றையாவது நான் ஓட்டியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? ஒன்றை என் தந்தையார் ஓட்டிவிட்டார். அதனால்தான் அதற்கு வெள்ளிப் பதக்கம். மற்ற மூன்றுக்கும் தங்கம். ஓடுகிற வண்டியை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஓடாத வண்டியை வைத்திருக்கத்தான் பரம்பரை வேண்டும்."

"ஓட்டத்தானேங்கய்யா வண்டி?" என்றார் காசிமாயன்.

இனியவன் நடவடிக்கைக் குறிப்பில் 'மனுதாரர் தகாத சொல் பயன்படுத்தினார்' என்று எழுதினார். பிறகு, மனு கொடுத்த காரணத்தால் அந்த வண்டி பேரவையின் பதிவேட்டில் எட்டாவது மரபூர்தியாக ஏற்றப்பட்டுவிட்டது என்றும், இனி பேரவையின் அனுமதியின்றி அதன் ஒரு திருகைக்கூடத் திருகக் கூடாது என்றும் தெரிவித்தார். கேட்கப் போவதற்கு முன்னால் காசிமாயன் தம் காரைத் தொடலாம். கேட்டுவிட்டு வந்த பிறகு தொடக் கூடாது.

அடுத்த மாதம் ஆய்வு. ஆய்வுக் குழு முந்தலுக்கு வர வேண்டும். அவர்களிடம் ஓடுகிற வண்டி எதுவும் இல்லாததால், காசிமாயனையே ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஏழு பேர் ஏறினார்கள். முன் சீட்டு தலைவருக்கு. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஜீப் அவ்வளவு காலியாகப் போனதில்லை. பாரம் இல்லாமல் குதித்துக் குதித்து ஓடியது.

அசல்தன்மை ஆய்வாளர் பிரதீப் பூதக்கண்ணாடியோடு காருக்குள் தலையை விட்டார். சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது அவரைக் கொத்தியது.

"இது எந்த வருடத்திலிருந்து இங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"முந்தாநா ஏறுச்சுங்கய்யா" என்றாள் கருத்தம்மா.

"அப்படியானால் பிற்சேர்க்கை" என்று எழுதிக்கொண்டார். "அகற்றலாம். ஆனால் சீட்டில் படிந்துள்ள கறையைத் தொடக் கூடாது. அது எந்தக் காலத்தது என்று முடிவாக வேண்டும்."

கதவுக்கு அடியில் கை நுழையும் அளவுக்குத் துருப்பிடித்த ஓர் ஓட்டை. ஆய்வாளர் அதற்குள் கையை விட்டு எடுத்தார். வெள்ளைக் கையுறை செம்பழுப்பானது. அதை உயர்த்திக் காட்டி, "அசல்!" என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அந்தத் துருவுக்கு முத்திரையிட்ட ஒரு சான்றிதழ் அங்கேயே வழங்கப்பட்டது. பானட்டை யாரும் திறக்காதபடி அரக்கு உருக்கி ஊற்றினார்கள்.

கருத்தம்மா எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்கள்ல யாருக்காச்சும் வண்டி ஓட்டத் தெரியுமா?"

ஏழு பேரும் காப்பியைப் பார்த்தார்கள். "காப்பி நன்றாக இருக்கிறது" என்றார் தலைவர்.

அதன் பிறகு விசாரணைகள். முதல் விசாரணையில் மூன்றாவது பெடலைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

"இந்த ஊர்தி இரண்டு பெடலோடு பிறந்தது" என்றார் பிரதீப். "ஓட்டுபவரின் இடது கால் சும்மா இருக்க வேண்டும் என்பது அதைப் படைத்தவர்களின் கனவு. அந்தக் காலுக்கு வேலை கொடுக்க இவர் யார்? இன்று இடது காலுக்கு வேலை கொடுத்தால் நாளை என்ன நடக்கும்?"

"வண்டி நகரும்" என்று தலைவர் கவலையோடு சொன்னார்.

இரண்டாவது விசாரணையில், வண்டியைத் தயாரித்த கம்பெனியிடமிருந்து ஒப்புதல் கடிதம் கேட்டார்கள். கம்பெனியை மூடி நாற்பது வருடம் ஆகிவிட்டது என்றார் காசிமாயன். அப்படியானால் மூடிவிட்டோம் என்று அந்தக் கம்பெனி தன் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள்.

மூன்றாவது விசாரணையில், மொக்கச்சாமி படம் போட்ட காலண்டர் தாளைக் காசிமாயன் எடுத்துக் காட்ட, அதைப் பறிமுதல் செய்தார்கள்.

"ஊர்தியை மாற்றுவது குற்றம். மாற்றத் திட்டமிடுவது அதைவிடப் பெரிய குற்றம், ஏனென்றால் அதில் யோசனை இருக்கிறது" என்றார் இனியவன். "இந்தப் பேரவையில் இருபது ஆண்டுகளாக யாரும் யோசித்ததில்லை."

காசிமாயன் வெளியே வந்து ஜீப் டயரை ஓங்கி உதைத்தார். அது என்ன செய்யும்? அவர் கால் பெருவிரல்தான் வீங்கியது. நொண்டிக்கொண்டே மொக்கச்சாமி பட்டறைக்குப் போனார். வேன் இன்ஜின் ஒரு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது.

"மாப்ளே, கம்பத்துலேர்ந்து ஒருத்தர் இன்ஜின் கேட்டு ரெண்டு தடவ வந்துட்டாரு. ஏழு மாசமா ஒனக்காகப் போட்டு வச்சிருக்கேன். அடுத்த மாசத்துக்குள்ள வெரசா ஒரு முடிவு சொல்லிரு. எனக்கும் எடம் அடைக்குது."

"நான் என்னத்தச் சொல்ல? என் வண்டி, என் வீட்டுல நிக்கிது. அதப் பாக்க மட்டும்தான் எனக்கு உரிமை இருக்காம்" என்றார் காசிமாயன். அன்று ராத்திரி கருத்தம்மா, "விடுங்க. ஜீப்புலயே போய்க்கிருவோம்" என்றாள். அது அவருக்கு இன்னும் வலித்தது.

அப்போதுதான் பேரவையின் ஆண்டு நிலைவிழாவுக்கு அழைப்பு வந்தது. பதிவேட்டில் உள்ள எட்டு ஊர்திகளும் போடிமெட்டில் அணிவகுத்து நிற்க வேண்டும். வராத ஊர்தி பறிமுதல். தலைவர், உறுப்பினர் வண்டிகள் ஏழும் வழக்கம்போல் லாரியில் ஏறிப் போயின. காசிமாயனின் காரை அவர் ஜீப்புக்குப் பின்னால் இரும்புப் பட்டையால் கட்டி மொக்கச்சாமி இழுத்துப்போனார். அதற்காகக் காரின் பிரேக்கை மட்டும் பழுது பார்த்துக்கொள்ளப் பேரவை அனுமதித்திருந்தது. வண்டி ஓடாமலிருக்கப் பிரேக் துணைசெய்வதால் அது மரபுக்கு விரோதமில்லை என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

மெட்டில் மேகம் இறங்கியிருந்தது. சாலையும் அதன் ஓரத்து வெட்டவெளியும் சேர அகலும் இடத்தில் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டு எட்டுக் கார்களையும் நிறுத்தி, சக்கரத்துக்குச் சக்கரம் கல் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் கொடியசைக்க வந்திருந்தார். எந்த வண்டியும் நகரப்போவதில்லை என்றாலும், பாதுகாப்புக்காகக் கீழே முந்தலிலும் மேலே கேரள எல்லையிலும் வாகனங்களை அரைமணி நேரம் நிறுத்திவைத்திருந்தார்கள். விதிப்படி உரிமையாளர்கள் மனைவியோடு வண்டிக்குள் உட்கார வேண்டும். காசிமாயனும் கருத்தம்மாவும் கடன் வாங்கிய வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் பேசினார். "கடந்த ஆண்டு இதே இடத்தில் இந்த ஊர்திகள் நகராமல் நின்றன. இந்த ஆண்டும் நிற்கின்றன. இதைவிட வேறென்ன சாதனை வேண்டும்?" கைதட்டல்.

கொடியசைக்கப் போகும் நேரத்தில் இனியவன் ஓடிவந்தார். காசிமாயனின் கார் மட்டும் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நிற்கிறதாம். வரிசை கெடுகிறதாம்.

"கல்லை எடுங்கள். ஒரு சாண் தள்ளுங்கள்."

"சார், இங்கனருந்து எறக்கம்" என்றார் காசிமாயன்.

"மனுதாரர் குறுக்கிடக் கூடாது."

காசிமாயன் வாயை மூடிக்கொண்டார். பிரேக்கின்மேல் வைத்திருந்த காலையும் எடுத்துவிட்டார். உறுப்பினர் மூவர் தள்ளினார்கள். கார் ஒரு சாண் நகர்ந்தது. பிறகு இரண்டு சாண். கோட்டைத் தாண்டியது. இது விழாவின் ஒரு பகுதி என்று நினைத்த அதிகாரி கொடியை அசைத்தார். கார் அவரைக் கடந்து, தலைவரைக் கடந்து, போடியை நோக்கி இறங்கும் சாலையில் சத்தமில்லாமல் உருள ஆரம்பித்தது.

முதல் வளைவுக்கு முன்னால் கருத்தம்மா கேட்டாள். "பிரேக்கு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஏன் நிறுத்தல?"

"நிறுத்தவா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த வளைவுல நிறுத்துங்க."

அடுத்த வளைவு வந்தது. காசிமாயன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எதிரே பார்த்துக்கொண்டு, "அடுத்ததுல" என்றாள். இன்ஜின் சத்தமே இல்லை. காற்றும் டயரும்தான். கூரையை மடக்கியிருந்ததால் மேகம் முகத்தில் வந்து ஒட்டியது. மூன்றாவது வளைவிலும் அவள் அதையே சொன்னாள். நான்காவதில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை வெளியே நீட்டிக்கொண்டாள்.

ஆறாவது வளைவு நெருங்கும்போது காசிமாயனின் மூக்கில் கருகல் வாடை ஏறியது. பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் கூடுதலாக உள்ளே போனது. கையில் ஒரு கியர் மட்டும் இருந்திருந்தால் என்று நினைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மலையோரமாக ஒதுக்கி, மண்ணில் சக்கரத்தை ஏற்றி, கைப்பிரேக்கையும் இழுத்து நிறுத்தினார். இறங்கிக் கல் வைத்தார்.

கருத்தம்மா இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றாள். கீழே போடி ஊரும் கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் வெயிலில் கிடந்தன.

"பதினெட்டு வருஷம் இதே ரோட்டுல வந்துருக்கேன்" என்றாள். "முன்னால உள்ளவுக முதுகத்தான் பாத்திருக்கேன். இப்படி ஒரு பள்ளம் இருக்குன்னே தெரியாது."

அதற்குள் மொக்கச்சாமி ஓட்டிவந்த ஜீப்பிலிருந்து இனியவன் குதித்தார். நேரே காருக்குள் தலையை விட்டு, விழாவுக்கு முன்னால் குறித்துவைத்த எண்ணோடு மீட்டரை ஒப்பிட்டுப் பார்த்தார். அலறினார்.

"மூன்று மைல்! ஐயோ, மூன்று மைல்!"

மறுவாரமே அவசரக் கூட்டம். குற்றச்சாட்டு: இயக்கம்.

"நீங்கதானேய்யா தள்ளுனீங்க?" என்றார் காசிமாயன்.

"பேரவை தள்ளியது ஒரு சாண். மீதியை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள்" என்றார் தலைவர். "உங்கள் மனைவி சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள்."

தீர்ப்பை இனியவன் எழுந்து நின்று வாசித்தார். குரல் தழுதழுத்தது. "மேற்படி ஊர்தி பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. இனி அது மரபூர்தி அல்ல, வெறும் வாகனம். அதன் உரிமையாளர் அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்ற இழிநிலைக்கு அது தள்ளப்படுகிறது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்."

காசிமாயன் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"மேல்முறையீடு செய்யாம இருக்க ஏதாச்சும் மனு குடுக்கணுமாங்கய்யா?"

தேவையில்லை என்றார்கள். அந்தப் பேரவையில் தேவையில்லை என்ற சொல்லை அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

போக்குவரத்து அலுவலக எழுத்தர் தாளை வாசித்தார். "மரபூர்தி இல்லைன்னு போட்டுட்டாங்களே. அப்ப சாதா வண்டிதானே? இன்ஜின் மாத்த மனு எழுதுங்க" என்றார். மூன்றாவது வாரம் அனுமதி வந்தது. மொக்கச்சாமி எட்டு நாள் என்று சொன்னவர் இருபது நாள் எடுத்துக்கொண்டார். பறிமுதலான காலண்டர் தாளுக்குப் பதிலாக வேறு படம் போட்டதில் தண்டின் அளவு ஒரு விரக்கடை பிசகி, மறுபடி வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

காரை எடுக்கப் போன அன்று காலையில் பட்டறை வாசலில் பேரவையினர் ஏழு பேரும் கையுறையோடு நின்றிருந்தார்கள். மொக்கச்சாமி கழற்றிப் போட்ட பழைய இன்ஜினைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"காரைக் கைவிட்டுவிட்டோம். இதையாவது காப்பாற்ற விரும்புகிறோம்" என்றார் மகாராஜன். "எங்கள் மண்டபத்தில் பீடம் தயார். ஆனால் ஒரு வாக்குறுதி வேண்டும். இது இனி எக்காலத்திலும் இயங்காது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?"

கருத்தம்மா காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டிருந்தாள்.

"சத்தியமா ஓடாதுங்கய்யா" என்றார் காசிமாயன்.

ஏழு பேர் முகமும் மலர்ந்தது. தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். அது ஓயும்வரை நின்றால் சொற்பொழிவு தொடங்கிவிடும் என்று தெரிந்ததால், காசிமாயன் கையை விடுவித்துக்கொண்டு போய் ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தார். இடது காலால் கிளட்சை மிதித்து, ஃபர்ஸ்ட் கியரைப் போட்டார்.